ஷிஃப்ட் பஸ்ஸில் வானவில்லுக்கு இடம் உண்டா?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டால், அரசுப் பேருந்துகளைவிட கம்பெனி பஸ்கள்தான் அதிகம் கண்ணில் படும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், அந்தப் பக்கம் ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் இந்த ஏரியாவில் நேரத்தைச் சொல்வதே ஷிஃப்ட்தான். காலை, மதியம், இரவு. கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் பை, காதில் இயர்போன். கார் ரேஸ் ரசிகர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றால் ரேஸ் டிராக். மற்றவர்களுக்கு 1998-ல் இங்கே கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய், அதைச் சுற்றி முளைத்த நூற்றுக்கணக்கான உதிரிபாகக் கம்பெனிகள்.

இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் சென்னை நகரம். அங்கே 2009 ஜூனில் மெரினாவில் முதல் வானவில் பேரணி நடந்தது. அன்றிலிருந்து ஜூன் கடைசியில், பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ‘சென்னை ப்ரைடு’ நடந்துவருகிறது. பறை ஒலிக்கும், பலர் ஆடுவார்கள், சிலர் முகமூடி போட்டுக்கொண்டு நடப்பார்கள். வீட்டிலோ வேலையிடத்திலோ தெரிந்துவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம்.

ஷிஃப்டில் இருப்பவருக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையே வரும் என்று சொல்ல முடியாது. பேரணிக்குப் போகலாம் என்று நினைத்தாலும் அன்று ‘பி’ ஷிஃப்ட் விழுந்திருக்கும். எனவே பேரணி இங்கே வருமா, வராதா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு கேள்வி. ஒரு திருநங்கையோ, திருநம்பியோ, தன்பால் ஈர்ப்புள்ள இளைஞரோ இந்த கேட்டுக்குள் நுழைந்து, சம்பளம் வாங்கி, ஹாஸ்டலில் தூங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியுமா?

அரக்கோணத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் மாணவி

இந்தக் கேள்விக்கு வாழ்க்கையாலேயே பதில் தேடியவர் கிரேஸ் பானு. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். தலித் திருநங்கை. பள்ளியில் மற்ற மாணவர்கள் வந்தபிறகு வர வேண்டும், அவர்கள் கிளம்பும் முன் போய்விட வேண்டும் என்று தனக்கு நிபந்தனை போடப்பட்டதைப் பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒதுக்கலில் சாதி எவ்வளவு, பாலினம் எவ்வளவு என்று தராசு போட்டுப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே உடம்பின் மீதுதான் விழுந்தன.

கம்ப்யூட்டர் டிப்ளமோவை 95 சதவிகிதத்துக்குப் பக்கத்தில் மதிப்பெண்ணோடு முடித்தார். வேலையும் கிடைத்தது. வேலையிடத்தின் பாகுபாடு தாங்காமல் அதை விட்டார். பிறகு பொறியியல் படிக்கத் திருநங்கைகளுக்கு இடம் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தைக் கேட்டார். சாதகமான பதில் வரவில்லை. கடைசியில் அரக்கோணம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் அண்டு எலெக்ட்ரானிக்ஸ் படிப்பில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை என்று அவர் பெயர்தான் குறிக்கப்படுகிறது.

அரக்கோணத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அதிக தூரமில்லை. அந்த வட்டாரத்தில் எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடிப்பவர்கள் வேலைக்கு எட்டிப் பார்க்கும் முதல் இடங்களில் ஒன்று இந்த சிப்காட்தான்.

கிரேஸ் பானு தன் வேலையோடு நிற்காமல், எல்லோருக்குமான வேலையைக் கேட்கத் தொடங்கினார். அவரும் அவரோடு நின்றவர்களும் எழுப்பிய கோரிக்கை, கிடைமட்ட இட ஒதுக்கீடு. கேட்க கணக்குப் பாடம் மாதிரி இருக்கும், விஷயம் எளிது. அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவிகிதம், மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவிகிதம் இருக்கிறது இல்லையா? அது தனிச் சாதிப் பிரிவு இல்லை. பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர், பொது என்று ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ளே குறுக்காக ஓடும். திருநர்களுக்கும் அப்படி ஒரு குறுக்குக் கோடு வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஏன்? 2015-ல் தமிழக அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பாலினத்தை ஒரு சாதியாக்கிவிட்டது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை ஒருவர், ஒன்று சாதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் திருநங்கை என்ற அடையாளத்தைக் காட்ட வேண்டும். அவர் மீது விழுந்த இரண்டு அடியும் சேர்த்துக் கணக்கில் வராது. 2024 ஜூனில், ஒரு திருநங்கை செவிலியர் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பாலினத்தைச் சாதியாக நடத்தக் கூடாது, கிடைமட்ட ஒதுக்கீடு கொடுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. பக்கத்து மாநிலமான கர்நாடகா 2021-லேயே ஒரு சதவிகிதம் கொடுத்துவிட்டது. நாட்டிலேயே அதுதான் முதல். சமூக நீதியில் முன்னோடி என்று மார்தட்டிக்கொள்ளும் நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும்.

தனியார் கம்பெனிக்கு சட்டம் இல்லையா?

இதெல்லாம் அரசு வேலைக்கு. இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதோ தனியார் கம்பெனிகள். இங்கே இட ஒதுக்கீடு கிடையாது. அதனால் சட்டமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. வேலைக்கு எடுப்பதிலோ, பதவி உயர்விலோ எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. ‘எந்த நிறுவனமும்’ என்றால் தனியாரும் சேர்த்துத்தான். 2020-ல் வந்த விதிகள் இன்னும் கீழே இறங்கிப் பேசுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எல்லாப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, போக்குவரத்தில் பாதுகாப்பு, காவலர்கள், சுகாதாரப் பொருட்கள் என்று என்னென்ன ஏற்பாடு என்பதை அதில் சொல்ல வேண்டும். புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்தால் 15 நாளில் விசாரிக்க வேண்டும்.

இதில் ‘போக்குவரத்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டெல்லியில் உட்கார்ந்து விதி எழுதியவருக்கு நம்ம ஊர் ஷிஃப்ட் பஸ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

விதி இருந்தால் போதுமா? 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்தது. இரண்டு தனியார் பள்ளிகளில் வேலையை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியை தொடர்ந்த வழக்கு. அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்ன நீதிமன்றம், சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அரசுகள் அதைத் தூங்கவிட்டதைக் கண்டித்தது. வேலையிடங்களுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. அந்தக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவர், அரக்கோணத்தில் எலெக்ட்ரிக்கல் படித்த அதே கிரேஸ் பானு.

வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை

வேலையைக் கொடுத்துவிட்டால் மட்டும் காரியம் முடியாது என்பதை கேரளா ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2017 ஜூனில் கொச்சி மெட்ரோ திருநர்கள் 23 பேரை வேலைக்கு எடுத்தது. உலகமே பாராட்டியது. சில நாட்களிலேயே 8 பேர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வேலை பிடிக்காமல் இல்லை. வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லை. லாட்ஜில் தங்கினால் நாள் வாடகையிலேயே சம்பளம் கரைந்துவிடும்.

நம்ம சிப்காட்டில் ஹாஸ்டல் இல்லாமல் வேலையே இல்லை. விழுப்புரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பெண்கள் முதலில் கேட்பதே ரூம் எங்கே என்றுதான். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதியை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அது.

அந்த ஹாஸ்டல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு ஒத்துக்கொள்ளாமல் 150 பேருக்கு மேல் சிகிச்சைக்குப் போனார்கள். சக பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பளத்துக்காக இல்லை. சோற்றுக்காகவும் தங்கும் இடத்துக்காகவும்.

யாரை உள்ளே விடுவது, யாரை விடக் கூடாது என்ற சல்லடை கேட்டிலேயே தொடங்குகிறது. திருமணமான பெண்களை அதே ஆலையின் ஐபோன் அசெம்ப்ளி வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் துறை அறிக்கை கேட்டது. மெட்டியும் தாலியும் கேட்டில் கேள்வியாகும் என்ற பேச்சே இவ்வளவு பெரிய விவாதமானால், ஆதாரில் ஒரு பெயர், முகத்தில் வேறு பாலினம் என்று வருபவர் அந்த வரிசையில் எப்படி நிற்பார்?

தமிழ்நாட்டில் இப்படி ஒரு வரிசையில் நின்று ஜெயித்தவர் ப்ரித்திகா யாஷினி. ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக வேலை பார்த்தவர். எஸ்.ஐ. தேர்வுக்கான விண்ணப்பத்தில் அவருக்கான கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை எஸ்.ஐ. பணிக்குத் தகுதியானவர் என்று அறிவித்தது. 2017-ல் காக்கி போட்டார். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க ஒருவர் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சொல்லாமல் இருப்பவர்கள்

திருநங்கைகளைப் பற்றியாவது ஊர் பேசுகிறது. ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பெண்களுக்கிடையே காதல் வந்தால் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஊரை விட்டு வந்து, முதல் சம்பளம் வாங்கி, முதல் முறையாகத் தனக்கென்று ஒரு கட்டிலும் செல்போனும் வைத்திருக்கும் 20 வயதுப் பெண்ணுக்கு, தன்னைத் தானே தெரிந்துகொள்ளும் இடமாகவும் ஹாஸ்டல் இருக்கலாம். வீட்டுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு இழுத்துப் போய்விடுவார்கள். கல்யாணம்தான்.

இவர்களுக்கு வாசகர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்திருந்தார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தானே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நீதிமன்றங்களில் அபூர்வமாகப் பார்க்கும் காட்சி அது. 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில் அவர் சொன்னது இதுதான்: காணவில்லை என்று புகார் வந்து, சம்பந்தப்பட்டவர்கள் விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், போலீஸ் அவர்களைத் தொல்லை செய்யாமல் புகாரை முடித்துவைக்க வேண்டும். ‘மாற்றிவிடுகிறேன்’ என்று சொல்லி நடத்தும் சிகிச்சைகளுக்குத் தடை. அடுத்த ஆண்டே தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் செய்து, எல்.ஜி.பி.டி.க்யூ மக்களையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் துன்புறுத்துவதைத் தவறாக்கியது. ‘பால்புதுமையர்’ என்பது போன்ற சொற்களைக் கொண்ட ஒரு சொற்பட்டியலும் அரசிதழில் வந்தது. கேலிச் சொல் மட்டுமே இருந்த இடத்தில் மரியாதைச் சொல் ஒன்று சட்டப்படி வந்து உட்கார்ந்தது.

2025 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு, பெற்றோரிடம் அடைபட்டிருந்த ஒரு பெண்ணைத் தன் தோழியோடு போக அனுமதித்தது. குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் உருவாவதில்லை என்றும் சொன்னது. தன்பாலினத் திருமணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்க மறுத்திருந்த நிலையில் வந்த தீர்ப்பு இது.

‘வடக்கன்’ என்ற சொல்

அமெரிக்காவில் இனம் என்றால் கறுப்பர், வெள்ளையர். சிப்காட்டில் அது வேறு முகத்தில் வருகிறது. டீக்கடையில், மளிகைக் கடையில், பஸ்ஸில் ‘வடக்கன்’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. பீகாரியும் ஒடியாவும் அசாமியும் ஜார்க்கண்ட் ஆதிவாசியும் எல்லோரும் அதில் ஒன்று. வடகிழக்கு மாநிலத்தவர் என்றால் கண்ணை வைத்துக் கேலி தனி. அந்தக் கேலி எங்கே போய் முடியும் என்பதற்கு டெல்லி சாட்சி. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா, தோற்றத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்தார். மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது அதன்பிறகுதான்.

தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் நடந்தது நேர்மாறு. பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ரயில் ஏறியவர்கள் பலர். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. வீடியோக்கள் பொய் என்று போலீஸ் நிரூபித்தது. ஆனால் அந்தப் பொய்யை அவ்வளவு பேர் நம்பியதற்குப் பின்னால், தினமும் கேட்கும் ஒரு சொல்லின் கசப்பும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் பக்தர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ராமானுஜர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் ‘திருக்குலத்தார்’ என்று அழைத்தார் என்பது வைணவ மரபு. ‘திருநங்கை’, ‘திருநம்பி’ என்ற சொற்களின் முன்னால் நிற்பதும் அதே ‘திரு’தான். பெயரை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடாது, அது தெரியும். பெயரே மாறாத இடத்தில் எதுவும் மாறியதில்லை என்பதும் தெரியும்.

வேலையும் விடுதலையும்

இனம், சாதி ஒரு போராட்டம், பாலினம் வேறு போராட்டம், தொழிலாளர் பிரச்னை மூன்றாவது என்று பிரித்துப் பேசுபவர்கள் பேயர்ட் ரஸ்டினைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்ன அந்த 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை அமைத்தவர் அவர். 1948-ல் இந்தியாவுக்கு வந்து காந்திய வழியைப் படித்தவர். கறுப்பர். தன்பால் ஈர்ப்பாளர். அதைக் காரணம் காட்டி ஒரு செனட்டர் அவரை நாடாளுமன்றத்திலேயே அவமானப்படுத்தினார். அவரைக் கைவிடாமல் நின்றவர்களில் முக்கியமானவர் ஏ.பிலிப் ராண்டால்ஃப், ரயில் பெட்டிச் சிப்பந்திகளின் தொழிற்சங்கத் தலைவர். அந்தப் பேரணியின் அதிகாரப்பூர்வப் பெயரில் முதலில் வரும் சொல் ‘வேலை’, அடுத்துதான் ‘விடுதலை’. சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள்.

பிரிட்டனில் இதன் மறுபக்கம் நடந்தது. 1984-ல் சுரங்கத் தொழிலாளர்கள் ஓர் ஆண்டு நீடித்த வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். லண்டனில் இருந்த தன்பால் ஈர்ப்பாளர் குழு ஒன்று தெருவில் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து, வேல்ஸின் ஒரு சுரங்கப் பள்ளத்தாக்குக்கு அனுப்பியது. கிராமத்து ஆட்களுக்கு முதலில் கூச்சம். இவர்களோடு நமக்கென்ன என்று முணுமுணுப்பு. பிறகு ஒரே போலீஸ் தடியும் ஒரே பத்திரிகைகளின் வசையும் இரண்டு பக்கமும் விழுவதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 ஜூனில் லண்டன் ப்ரைடு பேரணியின் முன்வரிசையில் சங்கக் கொடிகளோடு நடந்தவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பால் ஈர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேறியதிலும் சுரங்கச் சங்கத்தின் ஓட்டுகள் இருந்தன.

சங்கம் வைப்பது எவ்வளவு கடினம் என்று இந்த ஏரியாவுக்குத் தெரியும். 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். சம்பளம், ஓவர்டைம், கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவது என்று நீளும் கோரிக்கைப் பட்டியல்களில் சம வாய்ப்புக் கொள்கைக்கும் ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவு இல்லை.

ஜூன் மாதம் லோகோவில் வானவில் பூசிக்கொள்ளும் கார்ப்பரேட் வழக்கம் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஜூலை 1 அன்று அது அழிந்துவிடுகிறது. நம்ம ஊருக்குப் பொருத்தமான நாட்கள் ஏப்ரலில் இருக்கின்றன. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், தமிழ்நாட்டில் சமத்துவ நாள். மறுநாளே ஏப்ரல் 15, திருநங்கையர் தினம். 2008-ல் திருநங்கைகளுக்கான நல வாரியத்தைத் தமிழக அரசு தொடங்கியது அந்த நாளில்தான். 2014-ல் திருநர்களை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அதே தேதியில். அடுத்தடுத்த இரண்டு நாள். ஒரு கேன்டீன் ஹாலும் ஒரு மைக்கும் போதும்.

இந்த ஏரியாவில் வேலை பார்ப்பவராக இருந்தால் அதற்கு முன்பே ஒரு காரியம் செய்யலாம். ஹெச்.ஆர். அறைக்கு வெளியே பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுமுறைப் பட்டியல் எல்லாம் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். 2020 விதிகள் சொன்ன சம வாய்ப்புக் கொள்கையும் புகார் அதிகாரியின் பெயரும் அங்கே இருக்கின்றனவா? இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று ஒரு மெயில் அனுப்பிக் கேளுங்கள்.